பதினேழு சரிகளும் ஒரு மெட்ரோ மாத்திரையும்

சின்னத்தாயியின் வயிற்றில் அமீபா இருக்கிறது என்பது திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு உறுதியானது. அதைக் கொல்லும் மாத்திரை பத்து மணிக்கு அவள் கைக்கு வந்துவிட்டது. அந்த மாத்திரையை அவள் விழுங்கலாமா கூடாதா என்பது தெரியவர மாலை நாலே முக்கால் ஆயிற்று. இடைப்பட்ட நேரத்தில் வஜ்ரகவச பன்னோக்கு மருத்துவமனை சும்மா இருந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

சின்னத்தாயிக்கு ஐம்பத்தோரு வயது. நீலசந்திராவில் வீடு. கோரமங்களாவில் ஒரு பேயிங் கெஸ்ட் விடுதியில், கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு வேளையும் சமைக்கிறாள். ஒன்பது வருடங்களுக்கு முன்னால் அவளுடைய இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போய், அந்த இடத்தில் செயற்கை வால்வு வைத்தார்கள். அதில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க அன்றிலிருந்து தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறாள். ரத்தம் தண்ணியாக்குற மாத்திரை என்று அவள் வீட்டில் அதற்குப் பெயர்.

ஆபரேஷன் முடிந்து கிளம்பும்போது நர்ஸ் அவளிடம் ஒரே ஒரு விஷயத்தை மூன்று தடவை சொல்லி அனுப்பினாள். யார் எந்தப் புது மாத்திரை கொடுத்தாலும், இதோடு சேர்த்துச் சாப்பிடலாமா என்று கேட்க வேண்டும். கேட்காமல் விழுங்கக் கூடாது. பக்கத்துக் கட்டிலில் இருந்த கோலார்க்காரப் பெண்ணிடமும் அதையேதான் சொன்னாள். அந்தப் பெண் கேட்கவில்லை. பல்வலிக்கு எங்கேயோ எதையோ வாங்கி விழுங்கினாள். பத்து நாளில் தலைக்குள் ரத்தம் கசிந்து செத்துப்போனாள். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து சின்னத்தாயி கேட்காமல் இருமல் மிட்டாய்கூட வாயில் போடுவதில்லை.

நான்கு நாளாக வயிற்றுப்போக்கு. சளியும் ரத்தமுமாகப் போனது. விடுதியின் முதலாளியம்மா ஸ்ரீவித்யா, ஆஸ்பத்திரியில் காட்டி, சமைக்கலாம் என்று கடிதம் வாங்கி வராமல் அடுப்படிப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். இதய ஆஸ்பத்திரியில் அன்று விடுமுறை. அவசரக் கேஸ் மட்டும்தான் பார்ப்பார்கள். அதனால் முதலாளியம்மாவுக்குத் தெரிந்த வஜ்ரகவசத்துக்கு வந்தாள்.

டாக்டர் கேசவ் இளைஞர். நல்ல மாதிரி. ஒரு நோயாளிக்கு அவருக்கு நான்கு நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். மெட்ரோனிடசோல் என்று அவர் கணினியில் தட்டியதும் திரையில் ஒரு சிவப்புப் பெட்டி எழுந்தது. அதை மூடினார். இன்னொன்று எழுந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் பதினான்கு எச்சரிக்கைகள் வரும்படி மருத்துவமனை அந்தக் கணினியை வாங்கியிருந்தது. நோயாளி கர்ப்பமாக இருக்கலாம் என்று ஒரு பெட்டி சொன்னது. நோயாளி ஆணாக இருந்தால் முந்தைய பெட்டியைப் பொருட்படுத்த வேண்டாம் என்று அடுத்த பெட்டி சொன்னது. ஏழாவது பெட்டி, இந்த மருந்து ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்து என்றது. கேசவின் விரல் அதையும் மற்றவற்றைப் போலவே பாரபட்சமில்லாமல் மூடியது.

"டாக்டர், ஹார்ட்டுக்கு ரத்தம் தண்ணியாக்குற மாத்திர சாப்பிட்டுனு கீறேன். இந்த மெட்ரோ மாத்திரய அத்தோட சேத்து சாப்பிடலாமா?"

"மருந்து எழுதறதுதான் என் வேலம்மா. மருந்தப் பத்திப் பேசறதுக்குத் தனி டிபார்ட்மென்ட் இருக்கு. ரெண்டாவது மாடி, மருந்துப் பாதுகாப்புத் துறை. இந்த வாரம் அவங்க வாரம்தான்."

"நீங்களே ஒரு வார்த்த சொன்னீங்கன்னா..."

"நான் சொன்னா அது கவுன்சலிங் ஆயிடும். நான் இன்னும் கவுன்சலிங் ட்ரெய்னிங் எடுக்கல." கேசவ் உண்மையிலேயே வருத்தப்பட்டார். அதற்குள் நான்கு நிமிடம் முடிந்துவிட்டது.

கீழ்த்தளத்து மருந்துக் கவுன்டரில் பாலசுப்ரமணியன் இருந்தார். காக்ஸ் டவுன்காரர். இருபத்தேழு வருடமாக மருந்து எடுத்துக் கொடுப்பவர். சீட்டைப் பார்த்தார். அவள் ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். வாயைத் திறந்தார். அவருடைய கோட்டில் மஞ்சள் அட்டை ஒன்று குத்தியிருந்தது. 'நான் பயிற்சியில் இருக்கிறேன். என்னிடம் மருந்து பற்றிக் கேட்காதீர்கள்' என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. நான்கு மாதம் முன்பு மருத்துவமனை தன் ஊழியர்களுக்கு உரையாடல் திறன் தேர்வு வைத்தது. நோயாளி சந்தேகம் கேட்டால் முதலில் என்ன செய்வீர்கள் என்பது முதல் கேள்வி. பாலசுப்ரமணியன் 'பதில் சொல்வேன்' என்பதைத் தேர்ந்தெடுத்தார். சரியான விடை 'புன்னகைப்பேன்'. மறுதேர்விலும் அவர் அதையே எழுதினார்.

தலைக்கு மேல் இருந்த கேமராவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மாத்திரை அட்டையைக் கவரில் போட்டுக்கொண்டே அவர் மெதுவாகச் சொன்னார். "அவசரப்பட்டு முழுங்கிடாதீங்கம்மா. மேல போய்க் கேளுங்க. விடாம கேளுங்க."

மேலே பலூன் கட்டியிருந்தது. வண்ணப்பொடியில் மாத்திரைக் கோலம் போட்டிருந்தார்கள். மாத்திரை வேடம் போட்ட ஒரு செக்யூரிட்டிக்காரர் எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தார். மருந்துப் பாதுகாப்பு வாரம். தரக்கட்டுப்பாட்டு அதிகாரி லவினா ஓடி வந்து சின்னத்தாயியின் கையில் ஒரு அட்டையைத் திணித்தாள். அதில் பதினேழு கட்டங்கள் இருந்தன.

"எல்லா ஆஸ்பத்திரிலயும் அஞ்சு சரிதான் ஆன்ட்டி. சரியான பேஷன்ட், சரியான மருந்து, சரியான டோஸ், சரியான டைம், சரியான வழி. நாங்க பதினேழு வெச்சிருக்கோம். சவுத் பெங்களூர்லயே வேற யார்கிட்டயும் இல்ல."

"எனக்கு ஒரே ஒரு கேள்விதான் மேடம்."

"கேள்வி பதினேழாவது. 'சரியான கேள்வி.' அதுக்கு முன்னாடி பதினாறு ஸ்டாம்ப் வாங்கிட்டு வந்துடுங்க."

சின்னத்தாயி அட்டையோடு கிளம்பினாள். முதல் கவுன்டரில் அவள் அவள்தானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள். ஆதார் அட்டையில் சின்னதாயி என்று ஒற்று இல்லாமல் இருந்ததால், அவள் அவள்தான் என்று அவளே ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. எழுதி முடிக்கையில் வயிறு முறுக்கியது.

கழிப்பறைக் கதவில் பூட்டுத் தொங்கியது. தரச்சான்றிதழ் கொடுக்கும் குழு மாலையில் பார்வையிட வருகிறது. கழிப்பறையை நேற்றே சுத்தம் செய்துவிட்டார்கள். யாராவது போனால் அழுக்காகிவிடும். மூன்றாவது மாடிக்குப் போகச் சொன்னார்கள். அங்கேயும் பூட்டு. நான்காவது மாடியில் ஒரு ஆயா, இவள் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் ஊழியர் கழிப்பறையைத் திறந்துவிட்டாள். அந்தக் கட்டடத்தில் அன்று அவளுக்குத் தடையில்லாமல் கிடைத்த முதல் சிகிச்சை அது.

ஆறாவது கட்டம் சரியான நாற்காலி. ஏழாவது சரியான புன்னகை. அதைப் படம் எடுத்து ஒட்டினார்கள். அந்தப் படத்தில் சின்னத்தாயி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்திருந்தது வெளியே தெரியாதபடி கீழே வெட்டிவிட்டார்கள். எட்டாவது சரியான உறுதிமொழி. 'மருந்தை மருந்தாக மதிப்பேன்' என்று கையை நீட்டிச் சொல்ல வேண்டும். நடுவில் மறுபடி நான்காவது மாடிக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது, உறுதிமொழியைப் பாதியில் விட்டதால் முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்றார்கள்.

ஒன்பதாவது சரியான வீடியோ. இங்கிலீஷில் ஓடியது. வெளிநாட்டுத் தம்பதி ஒரு ஏரிக்கரையில் சிரித்துக்கொண்டே நடந்தார்கள். அவர்களுக்கு என்ன நோய் என்று கடைசிவரை தெரியவில்லை. ஏதாவது சந்தேகம் இருந்தால் மருத்துவரையோ மருந்தாளரையோ கேளுங்கள் என்று முடிவில் கன்னடத்தில் எழுத்து வந்தது.

"கேட்டேனே," என்று சின்னத்தாயி திரையைப் பார்த்துச் சொன்னாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மதியம் ஸ்ரீவித்யா போன் செய்து, பாதிக் கன்னடத்தில் கேட்டாள். "ஏனாயித்து சின்னத்தாயி? லெட்டர் சிக்கித்தா? பசங்க ராத்திரி சாப்பாடு கேட்டுட்டு இருக்காங்க."

"இன்னும் கிடைக்கல மேடம். ஒம்பது ஸ்டாம்ப் ஆச்சு."

"ஸ்டாம்பா? நான் ஆஸ்பத்திரிக்குத்தானே அனுப்பினேன்?"

அதே சந்தேகம் சின்னத்தாயிக்கும் இருந்தது.

பதினோராவது கட்டத்தில் ஒரு சம்மதப் படிவம் வந்தது. ஊசிக்கோ ஆபரேஷனுக்கோ இல்லை, தகவல் பெறுவதற்கு. 'மருந்தைப் பற்றிய தகவலால் எனக்கு ஏற்படக்கூடிய கவலை, பயம், தூக்கமின்மை ஆகியவற்றுக்கு மருத்துவமனை பொறுப்பல்ல' என்று இருந்தது. கையெழுத்துப் போட்டாள். தகவல் இப்போது கிடைக்குமா என்று கேட்டாள். இது சம்மதம் மட்டும்தான், தகவல் வேறு துறை என்றார்கள்.

பதிமூன்றாவதில் மருத்துவமனையின் செயலியைப் போனில் இறக்கிக் கொடுத்தார்கள். தட்டிக் கேட்டால் பதில் வருமாம். லவினாவே தட்டினாள். 'உங்கள் கேள்வி எங்களுக்கு மிகவும் முக்கியமானது' என்று பதில் வந்தது. மறுபடி தட்டினாள். 'உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்ததில் மகிழ்ச்சி. எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' என்று வந்தது. சின்னத்தாயி தடுப்பதற்குள் லவினா ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டாள்.

மூன்றரை மணிக்குப் பதினாறு முத்திரையும் விழுந்துவிட்டன. சின்னத்தாயிக்குக் காலையிலிருந்து உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீர் மட்டும்தான். லவினா பதினேழாவது கட்டத்துக்கான படிவத்தைத் திறந்தாள். கேள்வி எந்த வகையைச் சேர்ந்தது என்று கணினி கேட்டது. பார்க்கிங், உணவு, ஏசி, பாராட்டு என்று நான்கு வகைகள் இருந்தன.

"மருந்துன்னு ஒண்ணு இல்லியா மேடம்?"

லவினா மேலும் கீழும் தேடினாள். "போன வருஷம் இருந்துச்சு ஆன்ட்டி. யாரும் யூஸ் பண்ணலன்னு எடுத்துட்டாங்க. பாராட்டுல போட்டுடறேன். அது டைரக்டர் டேபிளுக்கு நேராப் போகும்."

போட்டாள். முத்திரை குத்தினாள். பிறகு அட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவள் முகம் மாறியது. "ஆன்ட்டி, பதினேழும் முடிச்ச முதல் பேஷன்ட் நீங்கதான். மத்தவங்க எல்லாம் மூணாவதுலயே மாத்திரைய முழுங்கிட்டுப் போயிடறாங்க." சின்னத்தாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆடிட்டோரியத்துக்கு வாங்க. இந்த வருஷத்துப் பாதுகாப்பான நோயாளி விருது உங்களுக்குத்தான். ஸ்டேஜ்ல எல்லார் முன்னாடியும் முதல் மாத்திரைய முழுங்கறீங்க. லைவ்ல போகுது."

"பதிலு?"

"டைரக்டர் சார் ஸ்டேஜ்லதான் இருப்பார். அவர்தான் இந்த டிபார்ட்மென்ட்டுக்கே தலைவர்."

அந்த ஒரு காரணத்துக்காகத்தான் சின்னத்தாயி ஆடிட்டோரியத்துக்குப் போனாள்.

அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் தரச்சான்றிதழ் குழுவினர் மூவர் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் நர்சுகளும் டாக்டர்களும், ஏசிக்காக உள்ளே வந்த நோயாளிகளும் அவர்களுடைய சொந்தக்காரர்களும். கடைசி வரிசையில் மருந்துக் கவுன்டர் ஊழியர்கள். கூட்டம் நிறைவாகத் தெரிய வேண்டும் என்று கவுன்டரை அடைத்து அவர்களை அழைத்து வந்திருந்தார்கள்.

மருத்துவ இயக்குநர் டாக்டர் சீனிவாசராகவன் பேசினார். சால்வை போர்த்திக்கொண்டு பேசினார்.

"கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த மருத்துவமனையில் மருந்தால் பாதிக்கப்பட்டதாக ஒரு சம்பவம்கூடப் பதிவாகவில்லை. இது எப்படிச் சாத்தியமாயிற்று என்று கேட்கிறார்கள். சம்பவங்களைப் பதிவு செய்யும் புத்தகத்தை நாங்கள் அவ்வளவு பாதுகாப்பாக வைத்திருக்கிறோம். அதன் சாவி என் மேஜையில் இருக்கிறது." கைதட்டினார்கள். "ஆன்டிபயாடிக் விஷயத்தில் எங்களுக்கு ஏழை பணக்காரர் என்ற வேறுபாடு கிடையாது. சாதாரணச் சளிக்கு வந்தவர்களையும், வைரஸ் காய்ச்சலுக்கு வந்தவர்களையும், சான்றிதழில் கையெழுத்துக்கு வந்தவர்களையும்கூட நாங்கள் ஆன்டிபயாடிக் இல்லாமல் அனுப்பியதில்லை." மறுபடி கைதட்டினார்கள். குழுவினரில் ஒருவர் மட்டும் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "பக்கவிளைவுகளில் பாதி, அவற்றைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகுதான் வருகின்றன. ஆகவே மருந்தை வெளியே கொடுக்கிறோம், தகவலைப் பாதுகாக்கிறோம். இன்றுவரை ஒரு துளித் தகவல்கூட இங்கிருந்து கசிந்ததில்லை."

பிறகு சின்னத்தாயியை மேடைக்கு அழைத்தார்கள். 'பாதுகாப்பான நோயாளி' என்று எழுதிய பட்டையை லவினா அவள் தோளில் மாட்டினாள். வெள்ளித்தட்டில் ஒரு மாத்திரையும் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரும் வந்தன. புகைப்படக்காரர் முட்டிபோட்டு உட்கார்ந்தார். சின்னத்தாயி மாத்திரையைக் கையில் எடுத்தாள். நாற்காலி, விளக்கு, முன்வரிசை எல்லாம் லேசாக ஆடுவது போல இருந்தது. அவளுக்குக் கோலார்க்காரப் பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது. பெயர் வரவில்லை.

ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் போனாள். "சார், ஒரு கேள்வி கேட்டுட்டு முழுங்கறேன். எனக்கு ஹார்ட்ல வால்வு மாத்திக்கீது. ரத்தம் தண்ணியாக்குற மாத்திர சாப்பிடறேன். அத்தோட இத்த சேத்து சாப்பிடலாமா?"

"அருமையான கேள்வி," என்றார் சீனிவாசராகவன். கைதட்டினார்கள். "இப்படிக் கேள்வி கேட்கும் நோயாளிகளை உருவாக்கத்தான் இந்த வாரமே." மேலும் கைதட்டினார்கள். "இப்ப முழுங்குங்கம்மா."

"பதில் இன்னும் வரல சார்."

இயக்குநர் லவினாவைப் பார்த்தார். லவினா கேசவைப் பார்த்தாள். கேசவ் எழுந்து நின்றார். மேடையில் இருந்து யாரோ உட்காரும்படி சைகை காட்டியதும் உட்கார்ந்துவிட்டார்.

"இதை ஒரு நபர் சொல்லிவிட முடியாதும்மா. இதற்கென்று ஒரு குழு அமைக்கலாம். ரெண்டு வாரத்தில் அறிக்கை கொடுத்துவிடுவார்கள்."

"மாத்திர ஏழு நாளைக்குத்தான் சார் குடுத்துக்கீறாங்க."

சிரிப்பு எழுந்தது. சீனிவாசராகவனும் சிரித்தார், பிறகு ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார். "அம்மா, லைவ்ல போயிட்டிருக்கு. ஆடிட் டீம் பார்த்துட்டிருக்காங்க. ஒரு மாத்திரைதானே. முழுங்கிடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்."

சின்னத்தாயி மாத்திரையைத் தட்டில் திரும்ப வைத்தாள். சத்தமே வராதபடி மெதுவாகத்தான் வைத்தாள். "காலையிலேர்ந்து பதினேழு முத்திர குத்தினாங்க சார். போட்டோ புடிச்சாங்க. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. ஆமான்னு சொல்லுங்க, இல்ல வேணாம்னு சொல்லுங்க. ரெண்டும் சொல்லாம முழுங்குன்னா எப்படி? செத்தா நான்தான சார் சாவணும்?"

கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். கோட்டில் இருந்த மஞ்சள் அட்டையைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசினார்.

"இப்படியே சேத்து சாப்பிடக் கூடாதும்மா," என்றார் பாலசுப்ரமணியன். அவரிடம் ஒலிவாங்கி இல்லை. அரங்கத்துக்கு அவர் குரலே போதுமாக இருந்தது. "இந்த மாத்திரை, நீங்க சாப்பிடற ரத்த மாத்திரையோட வேகத்தக் கூட்டிடும். உள்ள எங்கயாவது ரத்தம் கசியலாம். அதுக்காக நீங்களா ரத்த மாத்திரைய நிறுத்தவும் கூடாது, வால்வு அடச்சிடும். அமீபாவையும் அப்படியே விட முடியாது. இன்னிக்கே ரத்தம் உறையற டெஸ்ட் எடுக்கணும். உங்க ஹார்ட் டாக்டர் கிட்டப் பேசி, ரத்த மாத்திரைய எவ்வளவு குறைக்கணும்னு அவர்தான் சொல்லணும். இதை ஆரம்பிச்சா மூணு நாலு நாள்ல திரும்ப டெஸ்ட். கோர்ஸ் முடிஞ்சப்புறமும் ஒரு டெஸ்ட். ஈறுல ரத்தம், உடம்புல நீலமா திட்டு, கருப்பா வெளிக்குப் போறது, விடாத தலைவலி, இதுல எது வந்தாலும் உடனே ஓடி வரணும்."

"பாலசுப்ரமணியன், உட்காருங்க," என்றார் இயக்குநர்.

முன்பக்கம் ஒரு மனிதர் எழுந்தார். கையில் அதே மாத்திரை அட்டை. "சார், எனக்கும் இதுதான் குடுத்தாங்க. தண்ணி போடலாமா?"

"கூடாது. வாந்தி, படபடப்பு எல்லாம் வரும். மாத்திரை முடிஞ்சும் மூணு நாளைக்கு ஒரு சொட்டு கூடாது. சில டானிக்குல, இருமல் மருந்துல சாராயம் கலந்திருக்கும், அதையும் கேட்டுட்டுக் குடிங்க."

"வாயெல்லாம் இரும்பு நக்கின மாதிரி இருக்குது," என்றாள் ஒரு அம்மா.

"அது இருக்கும்மா, பயப்படாதீங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க. யூரின் கொஞ்சம் கருத்துப் போனாலும் பயம் இல்ல. கை கால் மரத்துப்போனா மட்டும் தள்ளிப்போடாம வந்து சொல்லுங்க."

மாத்திரை வேடம் போட்டவர் தலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். உள்ளே வேர்த்து விறுவிறுத்த ஒரு மனிதர் இருந்தார். "சார், நான் பல்லுக்கு மூணு நாள் சாப்பிட்டு நல்லாயிடுச்சுன்னு நிறுத்திட்டேன். மீதிய பக்கத்து வீட்டுல வயித்தால போகுதுன்னு குடுத்துட்டேன்."

"ரெண்டுமே தப்புங்க. எழுதின நாள் வரைக்கும் நீங்க சாப்பிடணும். எல்லா வயித்துப்போக்குக்கும் இது கேக்காது. அவங்கள டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லுங்க."

நேரலையை லவினா நிறுத்தியிருந்தாள். அதற்குள் இந்த ஆறு நிமிடத்தை யாரோ போனில் பிடித்துவிட்டார்கள். இயக்குநர் தேசிய கீதம் பாடும்படி உத்தரவிட்டார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அதுதான் அவரிடம் மீதமிருந்த ஒரே வழி.

தேசிய கீதம் முடிந்ததும் கேசவ் மேடைக்கு ஓடி வந்தார். சின்னத்தாயியைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து அவரே ஆய்வகத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். ரத்தம் எடுத்தார்கள். நான்கு நாளாகச் சரியான சாப்பாடு இல்லாததாலும் வயிற்றுப்போக்காலும், அவளுடைய ரத்தம் ஏற்கெனவே இருக்க வேண்டியதைவிட மிகவும் நீர்த்திருந்தது. கேசவ் அந்த எண்ணை இரண்டு தடவை படித்தார். பிறகு இதய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவைத் தொலைபேசியில் பிடித்தார். பிடிப்பதற்கு மூன்று நிமிடம்தான் ஆயிற்று.

"காலைலயே செய்திருக்கணும்மா," என்றார்.

"பர்வால்ல டாக்டர். உங்களுக்கு நாலு நிமிசம்தான குடுத்தாங்கோ."

அன்றிரவும் மறுநாளும் ரத்த மாத்திரை வேண்டாம், பிறகு குறைந்த அளவில் தொடங்கலாம் என்று இதய டாக்டர் சொன்னார். அவளை வஜ்ரகவசத்தின் வார்டில் சேர்த்துக் கண்காணித்தார்கள். அமீபா மாத்திரையை அங்கேயே ஆரம்பித்தார்கள். நாலாம் நாள் சோதனை செய்தார்கள். மாத்திரை முடிந்ததும் சோதனை செய்தார்கள். ஈறிலிருந்து ஒருமுறை ரத்தம் கசிந்தது, ஓடிப்போய்ச் சொன்னாள், அளவை இன்னும் குறைத்தார்கள். இரண்டு வாரத்தில் சின்னத்தாயி கண்ணாடியில் தன் முகத்தை அடையாளம் தெரிந்துகொள்ளும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

சமைக்கலாம் என்ற கடிதத்தை வாங்க அவள் வஜ்ரகவசத்துக்குப் போனது ஒரு வியாழக்கிழமை. கடிதம் இயக்குநர் அறையில் இருக்கிறது என்றார்கள். உள்ளே போனபோது விசாரணை நடந்துகொண்டிருந்தது. சீனிவாசராகவன் உட்கார்ந்திருந்தார். பாலசுப்ரமணியன் நின்றிருந்தார். மூன்று வருடத்தில் முதல்முறையாகச் சம்பவப் புத்தகம் திறக்கப்பட்டு லவினாவின் முன்னால் இருந்தது. முதல் பக்கத்தில் தேதி போட்டு, 'அனுமதி பெறாத ஊழியர் ஒருவரிடமிருந்து நோயாளிக்குச் சரியான தகவல் கசிந்தது' என்று எழுதியிருந்தாள்.

"நல்லவேளை வந்தீங்க ஆன்ட்டி. நீங்கதான் பாதிக்கப்பட்டவர். உங்களுக்கு என்ன பாதிப்புன்னு இதுல டிக் பண்ணணும். லேசான பாதிப்பு, நடுத்தரப் பாதிப்பு, கடுமையான பாதிப்பு, மரணம்."

"நான் நல்லாயிட்டேன் மேடம்."

"அந்தக் கட்டம் இதுல இல்ல ஆன்ட்டி."

சின்னத்தாயி பாலசுப்ரமணியனைப் பார்த்தாள். "சார் ஒண்ணும் தப்பு பண்ணல. இவர் சொல்லலன்னா நான் இன்னிக்கு இங்க நின்னுகினு இருக்க மாட்டேன். அத்த எழுதிக்கோங்க."

"அவர் சொன்ன விஷயம் தப்புன்னு நாங்க சொல்லலம்மா," என்றார் சீனிவாசராகவன், பொறுமையாக. "அவர் சொன்னதுதான் தப்பு. மூணு வருஷமா பூஜ்யமா இருந்தது, இவரால ஒண்ணு ஆயிடுச்சு. குழு சான்றிதழை நிறுத்தி வெச்சிட்டாங்க."

லவினா 'லேசான பாதிப்பு' என்பதில் டிக் செய்தாள். பணிநீக்கக் கடிதம் தயாராக இருந்தது. இயக்குநர் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடும் இடத்தில் பேனாவை வைத்தவர், ஏதோ நினைத்துக்கொண்டதுபோல நிறுத்தி, சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமீது தள்ளினார்.

"பாலு, திங்கட்கிழமை பல் டாக்டர் எனக்கும் இதையே எழுதிட்டார். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் கோர்ஸ். பிரஷர் மாத்திரை சாப்பிடறேன், கொலஸ்ட்ராலுக்கும் ஒண்ணு இருக்கு. ஏதாவது பிரச்சனை வருமா?"

பாலசுப்ரமணியன் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிரஷர் மாத்திரையின் பெயரைக் கேட்டார், கொலஸ்ட்ரால் மாத்திரையின் பெயரைக் கேட்டார், ரத்தத்தை இளக்கும் எதுவும் சாப்பிடுகிறாரா என்று கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுங்களோட சாப்பிடலாம் சார். சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க. வாந்தி நிக்காம இருந்தாலோ, கை கால் மரத்தாலோ உடனே கேளுங்க," என்றார். நின்றுகொண்டேதான் சொன்னார். குரலில் எந்த வித்தியாசமும் இல்லை.

இயக்குநருக்கு நிம்மதியாக இருந்தது. கடிதத்தை மறுபடி படித்தார். "லவினா, இன்னியிலிருந்து நீக்கம்னு போட்டிருக்கீங்களே. ஞாயிறு வரைக்கும் எனக்கு மாத்திரை இருக்கு. நடுவுல ஏதாவது கேக்கணும்னா யாரைக் கேக்கறது? திங்கட்கிழமையிலிருந்துன்னு மாத்துங்க."

லவினா அடித்துவிட்டுத் திங்கட்கிழமை என்று எழுதினாள்.

சின்னத்தாயி தன்னுடைய கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். "மாத்திர முடிஞ்சும் மூணு நாளு தண்ணி போடக் கூடாது சார்," என்றாள். "க்ளப்பு, பார்ட்டின்னு போவீங்க. சந்தேகம் வரும்."

சீனிவாசராகவன் விரல்விட்டு எண்ணினார்.

"ஆமா. அடுத்த வியாழக்கிழமைன்னு போடுங்க."